டிஷ் இருந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கி

1

எங்கள் குடியிருப்பு நிர்வாகம் அனுப்பிய மின்கடிதத்தை என் மகள்தான் வாசித்துச் சொன்னாள். கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் புதிதாக வர்ணம் பூசப் போகிறார்களாம். பால்கனியில் டிஷ் அன்டெனா வைத்திருப்பவர்கள் மாத முடிவுக்குள் கழற்றிவிட வேண்டுமாம். மறுபடி மாட்ட நினைப்பவர்கள் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டுமாம். டென்மார்க்கில் எல்லா உத்தரவும் இப்படித்தான் வரும். அன்பாக ஆரம்பிக்கும், அன்பாக முடியும், நடுவில் கழற்று என்று இருக்கும்.

கழற்றினோம். நானும் கணவரும் இங்கே குடிவந்த புதிதில், பனிக்காலத்தில், கைகள் விறைக்க விறைக்க மாட்டிய டிஷ் அது. நான் கம்பியைப் பிடித்துக்கொள்ள, அவர் உள்ளே டிவி முன்னால் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார். ஒரு தமிழ்ச் சனல் காசில்லாமல் வந்த அன்று பாயாசம் வைத்தோம். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், இணையம் வந்தது, டிஷ்ஷில் புறா முட்டையிட்டது. கழற்றிக் குப்பை நிலையத்தில் போட்டு வெகு நாளான பின், ஒரு காலையில் மகள் பால்கனிக் கதவருகே நின்று, "அம்மா, பால்கனி பெரிசாகிட்டுது என்ன?" என்றாள். அங்கே என்ன இருந்தது என்பது அவளுக்கு நினைவில்லை.

அவளைக் கோபிக்க எனக்கு வாயில்லை. கண்டியில், என் பெற்றோர் வீட்டில், இன்னொரு டிஷ் இருக்கிறது. அது இருந்த இடத்தில் இல்லை என்பதைக் கவனிக்க எனக்கு அதைவிட அதிக காலம் பிடித்தது. போன கோடை விடுமுறையில் அதை மறுபடி நிறுத்தப் போய் நான் செய்துவிட்டு வந்த காரியம் மனசுக்குள்ளேயே கிடந்து அறுக்கிறது. இங்கே யாரிடம் சொன்னாலும் "நல்ல காரியம்தானே செய்தாய்" என்பார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்குத்தான் புரியும்.

2

என் அப்பாவும் அம்மாவும் பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே ஏறும் ஒரு மேட்டுப் பாதையில் இருக்கிறார்கள். இருவருமே தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர்கள். அப்பா இளவயதிலேயே மலையை விட்டு இறங்கி, டவுனில் ஒரு பித்தளைச் சாமான் கடையில் சேர்ந்து, கால் ஓயும் வரை அங்கேயே வேலை செய்தார். அந்த உழைப்பில் வாங்கிய சரிவான துண்டு நிலம். முன்னால் ஒரு பெரிய பலாமரம், பக்கத்தில் கறுவாவும் மிளகுக் கொடியும், பின்னால் மண் மேடு. வீடு சின்னது. கூரை அஸ்பெஸ்டஸ் சீட்.

இதற்கு முந்திய தடவை நான் பிள்ளைகளோடு போனபோது மகன் கவின் ரொம்பச் சின்னவன். வீட்டுக்கு வெளியே இருக்கும் கக்கூசின் குழியைப் பார்த்ததும் அலறிவிட்டான். மகள் நிலானி அலறவில்லை, ஆனால் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? கண்டி டவுனில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்தேன். காலையில் ஆட்டோவில் வருவோம், பொழுது சாயும் முன் கிளம்பிவிடுவோம். பிறந்த வீட்டுக்குப் பகல் நேர விருந்தாளியாக வந்து போன மகள் நான். பாத்ரூம் கட்டுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஹோட்டலில் தங்கினேன். அதைவிடச் சத்தமாக எப்படிக் கேட்பது?

இந்த முறையும் கணவர் வரவில்லை. நானும் பிள்ளைகளும் போய் இறங்கியதும் அம்மா எங்களை உட்காரக்கூட விடவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு புதுக் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே நீல டைல், வெள்ளைக் கொமட், சுடுதண்ணீர் வரும் ஷவர். கொமட்டின் மேல் பொலிதீன் உறை போட்டு மூடியிருந்தது. ஆணியில் இரண்டு புதுத் துவாய், விலைச்சீட்டோடு.

"மேசன் பாஸ் நல்லா செஞ்சிருக்காரு என்னா?" என்று அப்பா என் முகத்தைப் பார்த்தார். "தண்ணி வேகமா வரணும்னு டேங்கிய ஒசரத்துல வச்சிருக்கு."

நான் "ஓம் அப்பா, நல்லா இருக்கு" என்றேன்.

"என்னாடி ஓம்ங்குற?" என்று அம்மா சிரித்தாள். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். இத்தனை வருடத்தில் அவருடைய பேச்சு என் நாக்கில் ஏறிவிட்டது. பிள்ளைகளுக்கோ அதுதான் தமிழ். அம்மாவை அவர்கள் அம்மம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் பக்கம் சொல்வது போல அம்மாயி என்று வராது. அம்மா அதற்கெல்லாம் கோபிப்பதில்லை. கோபித்தால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று எனக்குத்தான் தோன்றும்.

"நீங்களும் இதத்தானே பாவிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அய்யோ, அதுல உக்காந்தா நமக்கு வராதும்மா," என்றார் அப்பா. "கதிரையில உக்காந்து கடிதாசி எழுதுற மாதிரி இருக்கு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கவினுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அவன் அதைவிடச் சிரித்தான். அன்று அந்தச் சிரிப்போடு அந்த விசயத்தை விட்டுவிட்டேன்.

3

வந்து இரண்டு மூன்று நாள் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. பொழுது பட்டதும் அம்மாவும் அப்பாவும் காணாமல் போகிறார்கள். சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு, "இந்தா வந்துர்றோம்" என்று பக்கத்து வீட்டு சுமனா அக்காவிடம் போய்விடுகிறார்கள். ஏதோ விசேஷ வேலை என்று நினைத்தேன். ஒரு நாள் அப்பாவின் மருந்தைக் கொடுக்கப் பின்னாலேயே போனேன். சுமனா அக்கா வீட்டு முன்னறையில், வாசலோரம், அம்மா தரையிலும் அப்பா ஒரு ஸ்டூலிலும் உட்கார்ந்து சிங்கள நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனாலும் பிறர் வீட்டில் டிவி பார்ப்பவருக்கு ஒரு முகம் உண்டு. விளம்பரம் வந்தால்கூட எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாத முகம். அந்த முகம் அம்மாவிடம் இருந்தது.

எங்கள் வீட்டு டிவி மேல் துணி போட்டு, அதன் மேல் பிள்ளைகளின் படத்தை வைத்திருந்தார்கள். டிஷ் எங்கே என்று தேடினேன். கோழிக்கு மேல் கவிழ்த்திருந்தது. ஆறடி அகல வலை டிஷ், கீழே ஒரு கோழியும் குஞ்சுகளும். கவின் வந்த நாள் முதல் அதைச் சுற்றித்தான் விளையாடிக்கொண்டிருந்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கோழிக்கூடு என்று.

"அத ஏம்மா கழட்டுனீங்க?"

"டேங்கி வைக்க வேற எடம் இல்லடி," என்றாள் அம்மா. "பின்னால சிமெந்து மேடு இருந்துச்சில்ல, அது ஒன்னுதான் ஒசரம். பாஸ் சொன்னாரு, அங்க வச்சாத்தான் ஷவர்ல தண்ணி வருமாம்."

"அப்ப டிவி?"

"டிவி என்னா டிவி. சுமனா வீட்டுல பாத்துக்கிறோம்."

எனக்கு அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. முன்பெல்லாம் நான் போன் எடுத்தால் அம்மா நலம் விசாரித்த கையோடு நாடகக் கதையை ஆரம்பித்துவிடுவாள். எந்த மருமகள் எந்த மாமியாருக்கு என்ன செய்தாள், யார் கோமாவிலிருந்து எழுந்தார், யார் இறந்தவர் போல நடித்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவேன், உடுப்பு மடிப்பேன், இடையில் "ம்" போடுவேன். எப்போதோ அந்தக் கதைகள் நின்றுபோயின. பேச்சு சுருங்கியது. அம்மாவுக்கு வயதாகிறது, பேச்சுக் குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் பிள்ளைகள் சில நாள் குளிப்பதற்காக இரண்டு பேர் தங்கள் சாயங்காலங்களைக் கழற்றிக் கோழிக்கு மேல் கவிழ்த்திருக்கிறார்கள். நான் கிளம்புவதற்குள் அந்த டிவியில் படம் வர வேண்டும். அன்று இரவே அப்படி முடிவெடுத்துவிட்டேன்.

4

முதலில் அக்குறணையில் டிஷ் விற்கும் கடைக்குப் போன் போட்டேன். முன்பு அப்பாவுக்கு அதை மாட்டிக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். "தங்கச்சி, கோவிச்சுக்க வேணாம்," என்றார். "பல்லேகலயில கிரிக்கெட் மெச் வருது. கண்டி முழுக்க எல்லார் வீட்டு டிஷ்ஷும் இப்பதான் பழுதாகுது. மெச் முடிஞ்சதும் கட்டாயம் வாறன்." மெச் முடியும்போது நான் டென்மார்க்கில் இருப்பேன். நானே செய்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எனக்கென்ன தெரியாதா? பனிக்காலத்தில் பால்கனியில் மாட்டியவள் நான்.

கோழியை வேறு கூடைக்கு மாற்றி, டிஷ்ஷைக் கழுவி, முன்வாசலில் நிறுத்தினேன். முன்வாசலிலிருந்து தெற்கே பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும். இடப்புறம் தூரத்தில் ஹந்தானை மலை தெரியும். நடுவே ஒரு தடையும் இல்லை. டென்மார்க்கில் டிஷ் எதிர்க் கட்டடத்தின் கூரையை உரசுகிற மாதிரி, தெற்கே, தாழ்வாகப் பார்க்கும். அதே மாதிரி இதையும் பள்ளத்தாக்கைப் பார்த்து நிறுத்தினேன். அப்பா இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டார். நிலானி உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்து எண்களை வாசித்தாள்.

திரையில் இரண்டு கோடுகள் வரும். மேல் கோடு சிக்னலின் பலம். அது எப்போதும் பாதிக்கு மேல் நிற்கும், டிஷ்ஷைக் குப்பைமேட்டுக்குக் காட்டினாலும் நிற்கும். கீழ்க் கோடு தரம். அது ஏறினால்தான் படம். அது அசையவே இல்லை. நிலானி அவசரத்தில் எண்களை டேனிஷில் கத்துவாள், நானும் டேனிஷில் திருப்பிக் கத்துவேன். அப்பா குழாயைப் பிடித்தபடி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாசல், அவர் டிஷ், அவருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

போனில் ஒரு செயலி போட்டேன். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று சொல்லும். திசை தெற்கு என்றது, சரி. உயரம் எண்பது பாகை என்றது. எண்பதா? செயலி பிழை என்று மூடிவிட்டேன். இரண்டு நாள் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு டிஷ்ஷை இம்மி இம்மியாகத் திருப்பினேன்.

அந்த இரண்டு நாளில் ஒரு நேரம், அப்பா தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, நிலானி சொன்னாள்: "அம்மா, அடுத்த சமர் லீவுக்கு நான் வரேல்லை. ஹேண்ட்போல் கேம்ப் இருக்கு. அதுக்கடுத்த வருசம் பிரெண்ட்ஸோட போறன்." கவின் உடனே, "நானும் வரேல்லை, ஸ்பெயினுக்குப் போவம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அடம் பிடித்தும் சொல்லவில்லை. பல் விளக்கிவிட்டேன் என்பது போலச் சொன்னார்கள். கணவரும் இதையே புறப்படும் முன் சொல்லியிருந்தார். நான் "சரி, அம்மம்மாவுக்கு முன்னால சொல்லாதீங்கோ" என்றேன். அது எங்கள் வீட்டு முடிவாகிவிட்டது. அம்மா அந்நேரம் சமையலறையில், அடுத்த வருசம் பிள்ளைகள் வரும்போது பாத்ரூம் சன்னலுக்குத் திரை போட வேண்டும் என்று சுமனா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை நான் சோர்ந்து போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டே, டிஷ்ஷைப் பார்த்து, "இதோட ஒரே ரோதனை," என்றாள். "தெனம் வெளக்குமாத்த எடுத்துக்கிட்டுப் போயி உள்ள விழுந்த எலய எல்லாம் கூட்டித் தள்ளணும்."

"எதுக்குள்ள?"

"டிஷ்ஷுக்குள்ளதான். சோத்துத் தட்டு மாதிரி மல்லாக்கக் கெடக்கும்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டென்மார்க் பூமியின் உச்சியில் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் தூரத்தில் தாழ்வாக நிற்கும். கண்டியில் அது கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. செயலி சரியாகத்தான் சொன்னது. நான் பிறந்து வளர்ந்த வாசலில் நின்றுகொண்டு டென்மார்க் வானத்தைத் தேடியிருக்கிறேன்.

5

தலைக்கு நேர் மேலே என்றால் பள்ளத்தாக்கு திறந்திருந்து பயனில்லை. முன்வாசல் முழுக்கப் பலாமரத்தின் குடை. பக்கவாட்டில் மற்ற மரங்கள். கூரை மேல் வைத்தால் சீட் உடையும். வானம் தெரிகிற ஒரே இடம் பின்னாலிருக்கும் சிமெந்து மேடு. அங்கேதான் தண்ணீர்த் தாங்கி உட்கார்ந்திருக்கிறது.

பலாமரத்தை வெட்டிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். பலாமரம் வெட்ட அனுமதி வேண்டும், கிராம சேவகரைப் பார்க்க வேண்டும் என்றார். இருவரும் போனோம். அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் தயார் பண்ணி வைத்திருந்த சிங்கள வாக்கியம், முறை வந்ததும் பாதி டேனிஷாக வெளியே வந்தது. அதிகாரி நல்ல மனிதர், தமிழிலேயே பேசினார். மரத்தை யாரோ வந்து பார்க்க வேண்டும், பிறகு மேலே போக வேண்டும், சில வாரம் ஆகும் என்றார். பிறகு சும்மா ஒரு மரியாதைக்கு, "நீங்க இந்த வட்டாரமா?" என்று கேட்டார்.

"இங்கதான் பொறந்தேன்," என்றேன். "இப்ப டென்மார்க் பிரஜை."

பக்கத்தில் அப்பா மடியில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் மலைத்தோட்டத்து ஆட்களில் அவர் வயதுக்காரர்களுக்கு அந்த அட்டை சும்மா கிடைத்ததில்லை. பிறந்த நாட்டிலேயே நாடற்றவர் என்று எழுதப்பட்டு, பாதி ஆயுள் காத்திருந்து பிரஜையானவர் அவர். நான் டென்மார்க் பிரஜையானபோது இலங்கைப் பிரஜாவுரிமையை விட்டுக்கொடுக்க ஒரு கையெழுத்துத்தான் கேட்டார்கள், போட்டுவிட்டேன். அன்று அப்பா போனில் "நல்லதும்மா" என்றார். கிராம சேவகர் அறையில் அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், "மரத்த விட்டுரும்மா. அது நிழல் குடுக்குது. டிவி இல்லாட்டி என்ன இப்ப?" என்றார். எனக்கோ பிடிவாதம் ஏறிவிட்டது.

6

விமானத்துக்கு முந்தின நாள் அம்மா எங்களுக்குக் கட்டிக் கொடுக்க மிளகும் கித்துள் கருப்பட்டியும் வாங்க பிலிமத்தலாவைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து, சுமனா அக்காவின் கணவர் ரஞ்சித் அண்ணனைக் கூப்பிட்டு, தாங்கியை இறக்கச் சொன்னேன்.

அப்பா தடுத்தார். "வேணாம்மா. அடுத்த வாட்டி பிள்ளைங்க வர்றப்ப தண்ணிக்கு என்னா செய்யிறது?"

"அப்ப பாத்துக்கலாம்ப்பா."

"மேசன் பாஸ் லேசுல வரமாட்டாரு."

"அப்பா, நீங்க இன்னொருத்தர் வீட்டு வாசல்ல ஸ்டூல்ல உக்காந்து டிவி பாக்கிறத நான் பாத்துட்டுப் போக முடியாது." குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவர் போய்த் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் குழாயை மூடினார்.

தாங்கியைத் திறந்துவிட்டதும் தண்ணீர் சரிவில் ஓடி வாழையடிக்குப் போனது. பைப்பைக் கழற்றி, தாங்கியையும் வாழையடிக்கு உருட்டி இறக்கினோம். அந்த இடத்தில் டிஷ்ஷை மல்லாத்தி, பழைய ஆணிகளிலேயே முறுக்கினோம். தெற்கே கொஞ்சம் சாய்த்து, பிறகு விரலளவு கிழக்கே தள்ளினேன். நிலானி உள்ளேயிருந்து கத்தினாள், இந்த முறை தமிழில்: "அம்மா, வருது! வருது!" கீழ்க் கோடு ஏறிவிட்டது. ரஞ்சித் அண்ணன் கை தட்டினார். அப்பா ஓடிப்போய் டிவி மேலிருந்த படத்தையும் துணியையும் எடுத்தார். ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு சனலாக மாற்றிப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் வெகு காலமாகப் பார்க்கவில்லை. எனக்கு மனசு நிறைந்தது. கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன், நான் ஒரு நல்ல மகள் என்கிற தொனியில்.

அம்மா இரண்டு பைகளோடு மேட்டில் ஏறி வந்தபோது நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். பையை வாங்கி வைத்து, கதிரையில் உட்கார வைத்தேன். டிவியில் யாரோ ஒரு பெண் வடை சுட்டுக்கொண்டிருந்தாள், கண்ணாடி போலத் தெளிவாக. அம்மா அதைப் பார்த்தாள். "அட, வந்துருச்சே," என்றாள். உடனே பின் கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து வாழையடி தெரியும்.

"டேங்கி ஏன் கீழ கெடக்கு?"

"அந்த எடம் வேணும்லம்மா. பாருங்க, எவ்வளவு கிளியரா இருக்கு."

"அடுத்த வாட்டி பிள்ளைங்க வந்தா எங்க குளிக்கும்?"

அப்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியைப் பார்க்கவில்லை. நிலானி எழுந்து வெளியே போய்விட்டாள். பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிவிட்டு, தாங்கியை இறக்கி நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பிள்ளைங்க வரமாட்டாங்கம்மா," என்றேன். "அவங்களுக்கு அங்க வேற வேற பிளான் இருக்கு. நான் வருவேன். நான் மட்டும் வருவேன்."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, வேறு யாரோ ஒருவர் வீட்டில் கேட்பதைப் போல, மெதுவாகக் கேட்டாள்.

"அப்பன்னா, இனிமே அந்த பாத்ரூம நான் பாவிக்கலாமா? வெளிக் கக்கூசுல குந்துனா எந்திரிக்க முடியல. சொவத்தப் புடிச்சுப் புடிச்சு எந்திரிக்க வேண்டியிருக்கு."

"அதுல உக்காந்தா உங்களுக்கு வராதுன்னு அப்பா சொன்னாரே?"

"அவரு சும்மா சொன்னது. நாங்க பொழங்கி டைலெல்லாம் கறை புடிச்சிட்டா, பிள்ளைங்க மறுபடியும் ஹோட்டலுக்குப் போயிருங்கள்ல. அதான் பூட்டி வச்சோம்."

தாங்கி மேலே இல்லாமல் அந்த பாத்ரூமில் தண்ணீர் வராது. நான் எழுந்து பின்னால் ஓடினேன். ரஞ்சித் அண்ணன் வேலைக்குப் போய்விட்டிருந்தார். தாங்கியை நான் ஒருத்தி அசைத்துப் பார்த்தேன். அசைந்தாலும் ஏற்ற இடமில்லை. மேட்டில் டிஷ் கிடந்தது, அதைக் கழற்றினால் டிவி போய்விடும். விடியுமுன் எங்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏற்றிப் போக வேன் வருகிறது. சாமான்கள் இன்னும் கட்டவில்லை. ஒருவர் என்ன பார்க்க ஆசைப்படுகிறார் என்று மூன்று நாளாக வானத்தைத் தேடியவளுக்கு, அவருக்கு என்ன வலிக்கிறது என்று கேட்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

அப்பா பின்னாலேயே வந்தார். "நீ ஏன் பதறுற?" என்றார். "வாளியில தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டாப் போச்சு. நான் தூக்கித் தாறேன் அவளுக்கு." சொல்லிவிட்டு, அதை அப்போதே செய்து காட்டுகிறவர் போல, வாளியை எடுத்துக்கொண்டு கீழே பைப்படிக்கு இறங்கினார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பைப்படியிலிருந்து பாத்ரூம் வரை ஏற்றம்.

நான் இறங்கிப் போய் அவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினேன். அந்த ஒரு வாளியை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். மறுநாளிலிருந்து அவர் தூக்குகிறார்.